எந்த உயரத்தில் கவிழ்ந்தது? கெர்பல் ராக்கெட் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

மதுரையில் செல்லூர்ப் பக்கம் எனக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்து நீர்மூழ்கி மோட்டார்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "ஓடலண்ணே" என்பார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எப்ப நிக்குது?" ஸ்விட்ச் போட்டவுடன் ஃபியூஸ் போகிறதென்றால் வைண்டிங் ஷார்ட். 'உம்' என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் முதலில் கெப்பாசிட்டரைப் பார்க்க வேண்டும். அரை மணி ஓடிவிட்டு ட்ரிப் ஆனால் லோடு, இல்லை புஷ் தேய்ந்திருக்கும். மோட்டாரைப் பிரிக்கும் முன்னாலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

போன மே மாதம் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தான். அக்னி நட்சத்திர வெயிலில் வெளியே விட முடியாது. கடையின் பின்னறையில் ஒரு பழைய லேப்டாப், அதற்குப் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன், அதில் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற, ராக்கெட் கட்டி ஏவும் விளையாட்டு. "மாமா, மறுபடியும் வெடிச்சிருச்சு." "எப்ப மாப்ள வெடிச்சுச்சு?" "தெரியல மாமா, வெடிச்சிருச்சு." உடனே போய் இன்னும் இரண்டு பூஸ்டர் ஒட்டிவிட்டு வருவான். அது இன்னும் பெரிதாக வெடிக்கும்.

ராக்கெட்டுக்கும் அதே கேள்விதான். எந்த நொடியில், எந்த உயரத்தில்? அதைச் சொல்லிவிட்டால் எந்தப் பாகம் என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். அதனால் கீழே இருப்பதை உயர வரிசையில் எழுதியிருக்கிறேன். உங்கள் ராக்கெட் எங்கே மக்கர் பண்ணுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

அதற்கு முன் ஒரு பழக்கம். வெடித்தவுடன், பறப்பை முதலில் இருந்து தொடங்க வைக்கும் ரிவர்ட் பொத்தானைத் தேடாதீர்கள். எஃப்3 அழுத்தினால் பறப்பு அறிக்கை வரும். எந்த நிமிடத்தில் எந்தப் பாகம் எதனால் போனது, எதற்கும் எதற்கும் நடுவே இணைப்பு முறிந்தது, எது சூட்டில் வெடித்தது எல்லாம் வரிசையாக இருக்கும். அதில் மேலே இருக்கும் வரியை விட, முதலில் நடந்தது எது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதன் பின்விளைவு. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றை மாற்றிவிட்டுச் சரியாகிப் போனால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும்.

உதாரணத்துக்கு ஒரே ராக்கெட்டை வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழாக: மார்க்1 விண்கூடு 0.84 டன், பாராசூட் 0.1, டீகப்ளர் (அடுக்குகளைக் கழற்றிவிடும் பாகம்) 0.04, எஃப்எல்-டி400 தொட்டி 2.25, டெரியர் எஞ்சின் 0.5. இதன் கீழே இன்னொரு டீகப்ளர், எஃப்எல்-டி800 தொட்டி 4.5, ஸ்விவல் எஞ்சின் 1.5. மொத்தம் 9.77 டன். சுற்றுப்பாதைக்குப் போய் வர இது போதும். முதல் நாளே இதைக் கட்டிக் கொடுத்தேன். "ரொம்பச் சின்னதா இருக்கு மாமா" என்று ஓரங்கட்டிவிட்டான்.

எஞ்சின் எரிகிறது, ராக்கெட் நகரவில்லை

உந்துவிசையை எடையால் வகுத்துப் பாருங்கள். ஸ்விவல் தரை மட்டத்தில் சுமார் 168 கிலோநியூட்டன் தரும். 9.77 டன்னை 9.81 ஆல் பெருக்கினால் சுமார் 96 கிலோநியூட்டன் எடை. விகிதம் 1.75. ஜம்மென்று எழும்பும். கீழே இன்னொரு டி800 தொட்டி சேர்த்தால் 14.27 டன், விகிதம் 1.2. எழும்பும், ஆனால் ஆடி அசைந்து. மூன்றாவது தொட்டியும் சேர்த்தான். 18.77 டன், விகிதம் 0.91. நெருப்பு வருகிறது, புகை வருகிறது, ராக்கெட் அப்படியே நிற்கிறது. அவன் சலித்துப்போய்க் கையை எடுத்த நேரத்தில், சுமார் 24 நொடி கழித்து, தானாக மெல்ல எழுந்தது. ஒன்றரை டன்னுக்கு மேல் எரிபொருள் நின்ற இடத்திலேயே எரிந்து தீர்ந்த பிறகு எடை உந்துவிசைக்குக் கீழே வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த எரிபொருளைச் சுமந்ததில் பைசா பிரயோஜனம் இல்லை.

கட்டும் கூடத்திலேயே ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் (அடுக்குக்கும்) இந்த விகிதத்தை டி.டபிள்யூ.ஆர் என்ற பெயரில் பார்க்கலாம். தரை மட்டத்துக்குக் கணக்கிடச் சொல்லியிருக்கிறீர்களா, வெற்றிடத்துக்கா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெற்றிடத்தில் ஸ்விவல் 215 கிலோநியூட்டன் காட்டும். அதை நம்பி ஏவினால் ஏமாற்றம்தான். கிளம்பும்போது 1.3 முதல் 1.7 வரை இருந்தால் நல்லது.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம், கீழே தவறான எஞ்சினைப் போடுவது. டெரியர் வெற்றிடத்தில் 60 கிலோநியூட்டன் தரும், தரையில் 15 கூடத் தராது. அகலமான வாயுள்ள மேலடுக்கு எஞ்சின்கள் வெற்றிடத்துக்காகவே செய்யப்பட்டவை. நம் திருநெல்வேலிப் பக்கம் மகேந்திரகிரியில் இப்படிப்பட்ட எஞ்சின்களைச் சோதிக்க, உயரத்தில் இருக்கும் காற்றழுத்தத்தை உண்டாக்கும் தனிக் கூடமே வைத்திருக்கிறார்கள்.

ஸ்பேஸ் பாரைத் தட்டியதும் பாராசூட் விரிகிறது, அல்லது தலை கழன்று விழுகிறது

ஸ்டேஜிங் வரிசை, அதாவது ஒவ்வொரு தட்டலுக்கும் எந்தப் பாகம் இயங்க வேண்டும் என்ற வரிசை, கலைந்திருக்கிறது. வலது ஓரத்துப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். ஒரு பாகத்தைப் பிய்த்து மறுபடி ஒட்டும்போதெல்லாம் விளையாட்டு தன் இஷ்டத்துக்கு வரிசையை மாற்றிவிடும். ஏவுதளத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு முறையும் விரல் வைத்துப் படிப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. டீகப்ளரில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் கழலும், டீகப்ளர் மறுபக்கத்தோடு ஒட்டிக்கொண்டு போகும். தலைகீழாக வைத்தால் மேலடுக்கு எஞ்சினின் வாயை டீகப்ளர் அடைத்துக்கொண்டிருக்கும்.

ஏவுதளத்தில் நிற்கும்போதே தள்ளாடுகிறது

நீளமான ராக்கெட்டுகளில் பாகங்கள் சேரும் இடமெல்லாம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சித்திரைத் தேரின் மேல் கூட்டைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமைப்புகளில் 'அட்வான்ஸ்டு ட்வீக்கபிள்ஸ்' என்பதை இயக்கினால், பாகத்தின் மேல் வலது கிளிக்கில் 'ஆட்டோஸ்ட்ரட்' வரும். மேலடுக்குத் தொட்டிகளை மிகக் கனமான பாகத்தோடு கட்டச் சொன்னால் போதும், ஆட்டம் அடங்கும். பக்கவாட்டுப் பூஸ்டர்களுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு ஸ்ட்ரட் (தாங்கு கம்பி). இருபது ஸ்ட்ரட் போட்டுச் சிலந்திவலை கட்ட வேண்டாம்.

5 கிலோமீட்டருக்கும் 15 கிலோமீட்டருக்கும் நடுவே குட்டிக்கரணம் அடிக்கிறது

இதுதான் எல்லாரையும் அழ வைக்கும் கோளாறு. மருமகன் மூன்று நாள் இதிலேயே கிடந்தான். நேராகப் போகும், வேகம் 300 மீட்டரைத் தாண்டும், மூக்கு மெல்ல ஒரு பக்கம் சாயும், அப்புறம் ஒரே சுழற்சி.

சிவகாசியில் இருந்து வரும் தீபாவளி ராக்கெட்டை நினைத்துப் பாருங்கள். மருந்துக் குழாய் விரல் நீளம்தான், அதன் குச்சி அதைப் போலப் பல மடங்கு நீளம். குச்சியை ஒடித்துவிட்டுக் கொளுத்தினால் எதிர் வீட்டு மாடியில் போய் வெடிக்கும். சின்ன வயதில் நான் செய்து அடி வாங்கியிருக்கிறேன். குச்சி என்ன செய்கிறது? பின்னால் காற்று தள்ளுவதற்கு ஓர் இடம் கொடுக்கிறது. ராக்கெட் சாய்ந்தால் காற்று அந்த வாலைத் தள்ளி மூக்கை மறுபடி நேராக்குகிறது. கனம் முன்னால், காற்றின் பிடி பின்னால். இது மாறினால் எந்த ராக்கெட்டும் கவிழும், அது எதிர் வீட்டு மாடியானாலும் சரி, விளையாட்டில் வரும் கெர்பின் கிரகத்தின் வானமானாலும் சரி.

விளையாட்டில் இந்தச் சமநிலையைக் கெடுப்பவை சில. முதலாவது, மேலே அகலமான சுமை. குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா, சோலார் பலகை, சக்கரம் எல்லாம் மூக்கில் காற்றைப் பிடிக்கும். ஃபேரிங் என்ற மூக்குக் கூட்டைப் போட்டு மூடுங்கள். இரண்டாவது, இறக்கைகளை அழகுக்காக மேலே ஒட்டுவது. இறக்கை எப்போதும் அடியில்தான். நான்கு சின்ன ஃபின் அடியில் ஒட்டினாலே பாதிப் பேருடைய பிரச்சினை தீர்ந்துவிடும். மூன்றாவது, எரிபொருள் தீரத் தீரக் கனத்தின் மையம் நகர்வது. கட்டும் கூடத்தில் கீழ்த் தொட்டியின் மேல் வலது கிளிக் செய்து அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டு, அந்த மையத்தைக் காட்டும் மஞ்சள் உருண்டை எங்கே போகிறது என்று பாருங்கள். அது கீழே இறங்கினால், கிளம்பும்போது ஒழுங்காக இருக்கும் ராக்கெட் நடுவானில் கவிழும். பார்த்த பிறகு தொட்டியை மறக்காமல் நிரப்புங்கள். நாங்கள் ஒருமுறை மறந்தோம்.

நீல உருண்டையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது இறக்கைகளின் தூக்குவிசையை மட்டும்தான் காட்டும், உடம்பின் காற்றுத்தடையைக் காட்டாது. நீலம் மஞ்சளுக்குக் கீழே இருக்கிறது என்று நிம்மதியாக ஏவி, மூக்கில் இருக்கும் பெரிய பெட்டியால் கவிழ்ந்தவர்கள் உண்டு. பறக்கும்போது எஃப்12 அழுத்தினால் காற்று எந்தப் பாகத்தை எவ்வளவு இழுக்கிறது என்று கோடுகளாகத் தெரியும். நான் நீல உருண்டையைவிட இந்தக் கோடுகளைத்தான் நம்புவேன்.

ராக்கெட் சரியாக இருந்தும் ஓட்டுகிற விதத்தால் கவிழ்வதும் உண்டு. பத்து கிலோமீட்டர் வரை செங்குத்தாகப் போய்விட்டு அங்கே சட்டென்று 45 டிகிரி திருப்புவது பழைய பாடம். அதை மறந்துவிடுங்கள். வேகம் 60, 80 மீட்டர் வரும்போதே ஐந்து டிகிரி சாயுங்கள். அப்புறம் நேவ்பாலில் (திசை காட்டும் உருண்டையில்) ராக்கெட் போகிற திசையைக் காட்டும் புரோகிரேட் வட்டத்தை விட்டு மூக்கு வெளியே போகாமல் பார்த்துக்கொண்டால், கெர்பினின் இழுப்பே மெல்ல மெல்லச் சாய்த்துக்கொண்டு போகும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் 45 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். வட்டத்துக்கு வெளியே மூக்கை நீட்டினால் காற்று பக்கவாட்டில் அறையும்.

இன்னொன்று எஞ்சின் தேர்வு. ரிலையன்ட் பலம் கூட, எடை குறைவு. ஆனால் அதன் வாய் அசையாது. ஸ்விவலின் வாய் மூன்று டிகிரி வரை திரும்பும். இறக்கை இல்லாமல் ரிலையன்ட் மட்டும் வைத்துக் கவிழ்ந்தால் காரணம் அதுதான். திட எரிபொருள் பூஸ்டரைப் பறக்கும்போது குறைக்க முடியாது. கூடத்திலேயே உந்துவிசை வரம்பைக் குறைத்து அனுப்புங்கள்.

"அப்ப பூஸ்டரக் கழட்டவா மாமா?" என்று கேட்டான். கழற்றினான். நான்கு இறக்கை ஒட்டினான். போய்விட்டது.

எஸ்.ஏ.எஸ் போட்டதும் எதிர்ப்பக்கம் திரும்புகிறது, அல்லது திரும்பவே மாட்டேன் என்கிறது

எஸ்.ஏ.எஸ் என்பது ராக்கெட்டைத் தானாகத் திசை மாறாமல் பிடித்துவைக்கும் வசதி. எதிர்ப்பக்கம் திரும்பினால் கட்டுப்பாட்டுப் பாகம் தலைகீழாக இருக்கிறது. ஏவுதளத்தில் நிற்கும்போது நேவ்பாலில் நீலம் தெரிய வேண்டும். இல்லை என்றால் ஆளில்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கவிழ்த்து ஒட்டியிருக்கிறீர்கள். சரியாக நிமிர்ந்திருக்கும் பாகத்தின் மேல் வலது கிளிக் செய்து 'இங்கிருந்து கட்டுப்படுத்து' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது சின்னப் பிள்ளைகள் செய்யும் தப்பு என்று சிரிக்க வேண்டாம். 2013 ஜூலை 2 அன்று ரஷ்யாவின் புரோட்டான்-எம் ராக்கெட் மூன்று குளோநாஸ் செயற்கைக்கோள்களோடு கிளம்பிய சில நொடிகளில் கவிழ்ந்து விழுந்தது. கோணவேகம் அளக்கும் உணரிகளைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது.

திரும்பவே இல்லை என்றால் மின்சாரம். எப்போது செத்தது என்று பாருங்கள். ஸ்விவல் எரியும்போது கொஞ்சம் மின்சாரமும் தரும். அதனால் எஞ்சின் எரியும் வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும், அணைத்த கொஞ்ச நேரத்தில் கட்டுப்பாடு போய்விடும். பேட்டரியும் இரண்டு சோலார் பலகையும் சேருங்கள். விரியும் வகைப் பலகையைக் காற்றுமண்டலத்துக்குள் விரித்தால் ஒடிந்துவிடும்.

ஸ்டேஜ் பிரிந்த பிறகு வேகம் ஏறவில்லை, சுமை வெளியே வரவில்லை

ஃபேரிங்கை ஸ்டேஜிங்கில் சேர்க்க மறந்திருப்பீர்கள். காற்றுமண்டலம் முடிந்த பிறகும் அந்தக் கூட்டைச் சுமந்துகொண்டு போவதால் வேகமும் குறையும். 2017 ஆகஸ்ட் 31 அன்று பி.எஸ்.எல்.வி-சி39க்கு நடந்ததும் இதே அறிகுறிதான். வெப்பக் கவசம் பிரியவில்லை, ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1எச் செயற்கைக்கோள் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அதை ரிவர்ட் செய்ய முடியாது, நம்மால் முடியும். 50 கிலோமீட்டரைத் தாண்டியதும் கழற்றுகிற மாதிரி வையுங்கள்.

100 கிலோமீட்டர் வரை போய்விட்டுத் திரும்ப விழுகிறது

கோளாறு ராக்கெட்டில் இல்லை. உயரம் போவது வேறு, சுற்றி வருவது வேறு. கெர்பினில் 80 கிலோமீட்டர் உயரத்தில் சுற்ற நொடிக்குச் சுமார் 2,280 மீட்டர் பக்கவாட்டு வேகம் வேண்டும். நேராக மேலே போனால் அந்த வேகம் வராது. உச்சிப் புள்ளி 80ஐத் தொட்டதும் எஞ்சினை அணைத்துவிட்டு, அந்த உச்சிக்குப் போனதும் கிடைமட்டமாக எரியுங்கள். வரைபடத்தில் எதிர்ப்பக்கத் தாழ்புள்ளி 70 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். கெர்பினின் காற்று அங்கேதான் முடிகிறது. 65 என்று காட்டினால் 'கிட்டத்தட்ட வந்துவிட்டோம்' என்று அர்த்தம் இல்லை, விழப் போகிறோம் என்று அர்த்தம்.

இதற்கு நம் ஊர்க் கதையே உண்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வியின் முதல் பறப்பு. 750 மாணவிகள் சேர்ந்து உருவாக்கிய ஆசாதிசாட் செயற்கைக்கோள் அதில் போனது, நம் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. 356 கிலோமீட்டரில் வட்டப் பாதை வேண்டும். கிடைத்தது 356க்கு 76. தாழ்புள்ளி 76 என்றால் நிஜ பூமியில் அது கனமான காற்றுக்குள் போய் வரும் பாதை. செயற்கைக்கோள்கள் நிலைக்கவில்லை. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது வந்த அதிர்வில் முடுக்கமானிகள் சில கணம் அளவு தாண்டிப் போக, கணினி அவை பழுதாகிவிட்டன என்று முடிவெடுத்துவிட்டது. கோளாறு தெரிந்த இடம் தாழ்புள்ளி, தொடங்கிய இடம் அடுக்குப் பிரிவு. 2023 பிப்ரவரி 10 அன்று அடுத்த பறப்பில் ஆசாதிசாட்-2 ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

சுற்றுப்பாதைக்குப் பக்கத்தில் வந்து எரிபொருள் தீர்கிறது

டெல்டா-வி கணக்கு, அதாவது இருக்கும் எரிபொருளை வைத்து ராக்கெட் தன் வேகத்தை மொத்தம் எவ்வளவு மாற்ற முடியும் என்ற கணக்கு, நொடிக்கு மீட்டரில். கெர்பின் சுற்றுப்பாதைக்கு மொத்தம் சுமார் 3,400 வேண்டும். பற்றவில்லை என்றால் எல்லாரும் கீழே தொட்டி சேர்ப்பார்கள். மேலே எடை குறைப்பதுதான் மலிவு. நம் உதாரண ராக்கெட்டின் மேலடுக்கில் டெரியர் இருந்தால் அந்த அடுக்கு மட்டும் சுமார் 2,600 தரும். அதை எடுத்துவிட்டு 'பலமா இருக்கட்டும்' என்று ஸ்விவலைப் போட்டால் 1,725 ஆகக் குறையும். தொட்டி அதேதான், எரிபொருளும் அதேதான். கூடுதலாக ஒரு டன் இரும்பு, அதோடு எரிபொருளை வேகமாகக் குடிக்கும் எஞ்சின். மேலே பலம் தேவையில்லை, சிக்கனம் போதும்.

இறங்கும்போது எரிகிறது, பாராசூட் கிழிகிறது

கூட்டின் அகலமான அடிப்பக்கம் முன்னால் போக வேண்டும், அதன் கீழ் வெப்பக் கவசம். தாழ்புள்ளியை 30, 35 கிலோமீட்டருக்கு இறக்கினால் பதமாக இருக்கும். செங்குத்தாகக் குத்தினால் கவசமும் உதவாது. பாராசூட் படத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பில் திறந்தால் கிழியும், மஞ்சள் சந்தேகம், அது போனதும் திறக்கலாம். பாராசூட் முழுதாக விரிவது தரையில் இருந்து அளந்த உயரத்தில். மலைமேல் இறங்குபவர்கள் கடல் மட்ட உயரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம்.

எல்லாம் மெதுவாகப் போகிறது, விசை தட்டினால் தாமதமாகத் திரும்புகிறது

இடது மேல் மூலையில் உள்ள கடிகாரம் பச்சையா? மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தால் கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை, ராக்கெட் மேல் தப்பில்லை. பாகங்களின் எண்ணிக்கைதான் காரணம். நான்கு சின்னத் தொட்டிக்குப் பதில் ஒரு பெரிய தொட்டி, ஸ்ட்ரட்டுக்குப் பதில் ஆட்டோஸ்ட்ரட். எங்கள் பின்னறை லேப்டாப் 120 பாகத்துக்கு மேல் போனாலே மஞ்சளாகிவிடும். ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தால் 140 வரை தாங்கும், ஆனால் அப்போது எனக்குக் காற்று வராது.